படகுப்பாதையில் ஒரு சுயேச்சை வேட்பாளர்: முழுப்படமா, வெட்டிய படமா?

வாவிக்கரையான்:

இந்தப் படம் 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலுக்கு முந்திய வாரம் எடுத்தது. இடம், மட்டக்களப்பு வாவியில் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகும் படகுப்பாதை, அதாவது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவை. மழை அப்போதுதான் விட்டிருந்தது.

கைபேசியில் சிறிதாகப் பார்ப்பவர்களுக்காக விவரம் சொல்கிறேன். இடப்பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். அதன் ஹாண்டிலில் கழற்றிக் கொழுவிய மாலை. வேட்பாளர் அதில் சாய்ந்து நிற்கிறார். வெள்ளைச் சட்டையின் தோள்கள் இரண்டும் நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கின்றன. துண்டுப்பிரசுரக் கட்டைச் சொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருக்கிறார். எதிரே ஒரு பெரியவர், சற்று முன்னர் வாங்கிய துண்டுப்பிரசுரத்தை நான்காக மடிக்கிறார். வேட்பாளரின் கண் அந்த விரல்களில் இருக்கிறது. பின்னால் ஓர் இளம்பெண், மடியில் பிள்ளை, வாவியைப் பார்த்தபடி. வலது ஓரத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பையன் கைபேசியில் வேட்பாளரைக் காணொளி எடுக்கிறான். அவன் வேட்பாளரின் அக்கா மகன்.

எங்கள் ஊர் நூலகத்துக்குத் தேர்தல் படங்களை அச்சிட்டு ஓர் அல்பமாகக் கொடுக்க எண்ணியிருக்கிறேன். இதைச் சேர்க்கலாமா என்று வேட்பாளரிடம் கேட்டேன். தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் பெரியவரையும் மருமகனையும் வெட்டிவிட்டுத் தன்னையும் வாவியையும் மட்டும் விடவேண்டும் என்றார். வெட்டிப் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆவணப் புகைப்படம் என்று சொல்லி வைக்கப்போகும் ஒன்றை இப்படிச் செய்யலாமா? அவருடைய பெயரை மட்டும் இங்கே கேட்காதீர்கள்.

களுதாவளையான்:

நல்ல படம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு பொறாமையில் பேசுகிறான் என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

பார்த்தவுடன் அந்த மனிதர்மேல் இரக்கம் வருகிறது. நனைந்த சட்டை, கழற்றிய மாலை, ஏறெடுத்தும் பார்க்காத சனம். ஆனால் நம் மாவட்டத்தில் சுயேச்சைக்குழு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஐந்து ஆசனத்துக்கு ஒரு குழு எட்டுப் பேரை நிறுத்த வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் கட்டுப்பணம் கட்டுவதில்லை. சுயேச்சைக்கு ஆளுக்கு 2,000 ரூபாய், மொத்தம் 16,000. பின்னால் நின்று ஆட்டுவிப்பவருக்கு இது ஒரு காசா? சென்ற தேர்தலில் ஐந்து ஆசனத்துக்கு முந்நூறு பேருக்கு மேல் நின்றார்கள். மாவட்டத்தின் செல்லுபடியான வாக்குகளில் நூற்றுக்கு ஐந்தைத் தொடாத குழு ஆசனப் பங்கீட்டுக்குள்ளேயே வராது. அது தெரிந்தும் ஏன் இத்தனை பேர்? சில குழுக்கள் எதிராளியின் ஊரில் வாக்கைப் பிரிக்க இறக்கப்படுபவை. சில, வாக்கெண்ணும் நிலையத்துக்குள் கூடுதல் முகவர்களை அனுப்புவதற்காகவே பதிபவை. இவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. இவர் எப்படிப்பட்டவர் என்பதை உங்கள் படம் சொல்லவில்லை என்கிறேன். மழையில் நனைந்தவன் நேர்மையானவன் என்று அல்பத்தைப் புரட்டும் பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அன்றைக்கு உங்கள் வண்டிக்குப் பெட்ரோல் போட்டது யார்?

வாவிக்கரையான்:

பெட்ரோல் என் காசு. மதியச் சோறு அவர் வீட்டில். வேண்டாம் என்று சொல்லவில்லை. மருமகன் என் நண்பன், அவன்தான் கூப்பிட்டான். யாரும் படத்துக்குப் பணம் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

பழைய ஸ்டூடியோ:

தம்பி களுதாவளை கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அவர் ஏன் வெட்டச் சொல்கிறார் என்பதை இந்தத் தொழிலில் இருந்தவனாக நான் கொஞ்சம் சொல்கிறேன்.

1977 வரைக்கும் வாக்குச்சீட்டில் சின்னத்துக்கு நேரே புள்ளடி போட்டால் முடிந்தது. மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்ததால் எங்களுக்கு இரண்டு வாக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். வேட்பாளரின் முகத்தைவிட அவருடைய குரலைத்தான் சனம் அறிந்திருந்தது. எங்கள் பாராளுமன்ற உறுப்பினர் சொல்லின் செல்வர் இராசதுரை பேசுகிறார் என்றால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்; அவருடைய படம் எவ்வளவு பெரிதாக அச்சாகியிருந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

1989 பெப்ரவரித் தேர்தலில் விருப்பு வாக்கு வந்தது. கட்சிக்கு ஒரு புள்ளடி, அதற்குப் பிறகு அதே பட்டியலில் மூன்று பேர் வரைக்கும் இலக்கத்தில் புள்ளடி. அன்றிலிருந்து வேட்பாளருக்கு முதல் எதிராளி தன் கட்சிப் பட்டியலிலேயே இருக்கிறார். முகமும் இலக்கமும் மனத்தில் பதியாவிட்டால் கட்சி வென்றாலும் ஆள் தோற்பார். ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: முகம் பெரிதாக இருக்க வேண்டும், பக்கத்தில் வேறு முகம் இருக்கக்கூடாது. கூட்டத்தில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து, பக்கத்தில் நிற்கும் சக வேட்பாளரை அழித்துத் தரச் சொன்னவர்களும் உண்டு. மை தொட்டுத் தூரிகையால் அழித்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே மேடையில் கைகோத்து நின்றவர்கள்!

ஆகவே உங்கள் வேட்பாளர் கேட்பது துண்டுப்பிரசுரத்துக்குரிய படம். அவருக்கு வேறு விதமான படம் பழக்கமில்லை.

முகம் மட்டும் போதும் என்பதற்கு 2020ஐவிட உதாரணம் வேண்டாம். மட்டக்களப்பு மாவட்டத்தில் அதிகூடிய விருப்பு வாக்குப் பெற்ற சிவநேசதுரை சந்திரகாந்தன் (பிள்ளையான்) அப்போது ஒரு கொலை வழக்கில் விளக்கமறியலில் இருந்தார். 2021 ஜனவரியில் அந்த வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்பது வேறு விடயம். பிரச்சார காலத்தில் ஆள் வீதியில் இல்லை, படம்தான் வீடு வீடாகப் போனது. தம்பியின் படத்தில் ஆள் நேரிலேயே இருக்கிறார், பார்ப்பதற்குத்தான் ஆளில்லை. இரண்டையும் ஒரே அல்பத்தில் வைத்தால் நன்றாக இருக்கும்.

திருக்கோவில் டீச்சர்:

களுதாவளைத் தம்பியின் கோபம் எங்களுக்கு நன்றாகவே விளங்கும். 2020இல் அம்பாறை மாவட்டத்தில் தமிழர் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. வாக்கு இல்லாமல் போகவில்லை, பிரிந்து போனது. 2024இல்தான் ஓர் ஆசனம் மீண்டும் கிடைத்தது. எங்கள் பகுதியில் 'சுயேச்சை' என்று வாசலுக்கு வருபவருக்குத் தேத்தண்ணீர் கொடுப்பார்கள், முகம் கொடுக்கமாட்டார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது பின்னால் இருக்கும் அந்தப் பிள்ளைக்காரியைப் பற்றி. வேட்பாளர் படத்துக்கு வந்தவர். கையில் துண்டுப்பிரசுரக் கட்டை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் முகம் காட்டுபவரிடம் அனுமதி கேட்டதே மரியாதைக்குத்தான். அவள் அக்கரைக்குப் போக வந்தவள். தேர்தல் அல்பத்தில் அவள் முகம் இருந்தால், இன்ன ஆளின் பிரச்சாரத்துக்குப் போனவள் என்று ஊரில் ஒரு கதை வரும். இது சின்ன விடயமில்லை. வாக்கெடுப்பு நிலையத்தில் கடமை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: தான் யாருடைய ஆள் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக, வாக்குச்சீட்டை மடித்த பிறகும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வரும் பெண்கள் எத்தனையோ பேர். அவளிடம் கேட்டீர்களா?

வாவிக்கரையான்:

கேட்கவில்லை, டீச்சர். மண்டூர்த் துறையில் இறங்கியதும் அவர் போய்விட்டார். முகம் முக்கால்வாசி திரும்பியிருக்கிறது, ஆனால் ஊரவர்களுக்கு அடையாளம் தெரியும். மண்டூரில் விசாரித்து, அச்சிடும் முன் படத்தைக் காட்டிவிடுகிறேன்.

நாவற்குடா வாசகன்:

எனக்கு இந்தப் படத்தைப் பார்த்ததும் 1952ஆம் ஆண்டு அமெரிக்கப் படம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஜனாதிபதி வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சன், மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்ற ஊரில், தொழிலாளர் தினக் கூட்டத்தில், மேடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பேச்சுத்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேல் நோக்கியிருக்கும் சப்பாத்தின் அடியில் ஓட்டை. உள்ளூர்ப் பத்திரிகையான ஃபிளின்ட் ஜேர்னலின் புகைப்படக்காரர் வில்லியம் கலகர் மேடையடியில் முழங்காலிட்டு, கமராவைத் தரையில் வைத்து, குறிபார்க்கும் கண்ணாடியில் பார்க்காமலே அழுத்தினார். 1953இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, ஸ்டீவன்சனின் ஆட்கள் அந்த ஓட்டையை மறைக்கவில்லை. ஓட்டைச் சப்பாத்தைச் சின்னமாகவே செய்து சட்டையில் குத்தக் கொடுத்தார்கள். அப்படியும் அவர் ஐசனோவரிடம் தோற்றார், 1956இலும் தோற்றார். இரண்டாவது, களுதாவளையானுக்கு உதவக்கூடியது. சப்பாத்தில் ஓட்டையோடு இருந்த அந்த மனிதர் அமெரிக்க உபஜனாதிபதி ஒருவரின் பேரன், அப்போது இலினோய் மாநில ஆளுநர். படம் பொய் சொல்லவில்லை, ஓட்டை உண்மையான ஓட்டைதான். ஆனால் அவர் ஏழை என்று யாராவது அதிலிருந்து எடுத்துக்கொண்டால் அது பார்ப்பவர் போட்ட கணக்கு.

களுதாவளையான்:

நான் சொல்வதும் அதுதானே. உங்களுக்கு அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியிருந்தது.

அக்கரைப்பற்றான்:

எங்கள் பக்கம் இப்போது ட்ரோன் இல்லாமல் கூட்டமே கிடையாது. மேலே பறந்து எடுத்தால் ஆயிரம் பேரும் ஐயாயிரமாகத் தெரிவார்கள். பார்த்துச் சலித்த கண்ணுக்கு இந்தப் பாதைப் படம் ஆறுதலாக இருக்கிறது.

எங்களிடம் நிலைத்துவிட்ட முகம் ஒன்றுதான். 2000 செப்டம்பர் 16ஆம் திகதி முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் அம்பாறைக்கு வரும் வழியில் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விழுந்து மறைந்தார். தேர்தல் அக்டோபர் 10. நாலு வாரம்கூட இல்லை. சுவரில் ஒட்டியிருந்த படங்கள் அதே படங்கள்தான். பார்த்தவர்களுக்கு ஒரே இரவில் வேறு படங்களாகிவிட்டன. வாக்குக் கேட்க ஒட்டியதை மையித்து வீட்டுக்குப் போனவர்கள் தொட்டுத் தடவினார்கள். அவருடைய மனைவி பேரியல் அஷ்ரப் அந்தத் தேர்தலில் அம்பாறை மாவட்டத்தில் தெரிவானார். அதனால் சொல்கிறேன், எந்தப் படம் நாளைக்கு என்னவாகும் என்று இன்றைக்கு இருந்து வெட்டக்கூடாது.

கல்லாற்றுப் பேரன்:

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரியவர் மடிக்கும் துண்டுப்பிரசுரத்தின் அடியில் ஒரு சின்ன வரி தெரிகிறது. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் விலாசமும் இல்லாமல் தேர்தல் துண்டுப்பிரசுரம் அச்சிடக்கூடாது என்பது சட்டம். அந்த வரியாகத்தான் இருக்க வேண்டும். மூலக்கோப்பில் வாசிக்க முடிகிறதா? களுதாவளையானின் சந்தேகத்துக்கு அதில் ஏதாவது பதில் இருக்கலாம்.

வாவிக்கரையான்:

அச்சகத்தின் பெயர் தெளிவாகத் தெரிகிறது. வெளியிட்டவர் பெயரின்மேல் பெரியவரின் கட்டைவிரல் இருக்கிறது.

களுதாவளையான்:

பார்த்தீர்களா, தேவையான இடத்தில் விரல். அச்சகம் எது? பெரிய கட்சிக்கு அச்சடிக்கும் அதே அச்சகமா?

பழைய ஸ்டூடியோ:

தம்பி, களுவாஞ்சிகுடிப் பக்கம் எத்தனை அச்சகம் இருக்கிறது? கோயில் திருவிழா நோட்டீஸ், கலியாண அட்டை, அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகம், எல்லாக் கட்சித் துண்டுப்பிரசுரமும் அங்கேதான் ஓடும். அச்சகத்தை வைத்துக் கட்சி கண்டுபிடித்தால் நாங்கள் எல்லோரும் ஒரே கட்சி.

களுதாவளையான்:

சரி, அச்சகத்தை விடுகிறேன். ஆனால் பெரியவர் அதை ஏன் மடிக்கிறார்? அதையாவது சொல்லுங்கள்.

வாவிக்கரையான்:

வெற்றிலைப் பையிலிருந்து பாக்குச் சீவலை அதில் கொட்டிச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார். வேட்பாளர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு "எங்கள் இலக்கமாவது உங்கள் மடியில் இருக்கட்டும், அப்பச்சி" என்றார். அது இதற்கு அடுத்த படம். கை அசைந்து மங்கிவிட்டது.

களுதாவளையான்:

சீவல் என்றால் சரி. வெற்றிலை என்று சொல்லியிருந்தால், வெற்றிலை விளையும் எங்கள் ஊரில் ஒருவரும் நம்பமாட்டோம். அதை ஈரத்துணியில்தான் வைப்பார்கள், காய்ந்த தாளில் அல்ல.

அந்த வார்த்தையைச் சொன்ன ஆளை எனக்குக் கொஞ்சம் பிடித்திருக்கிறது. அதற்காகச் சந்தேகம் போய்விடவில்லை.

திருக்கோவில் டீச்சர்:

பெரியவரை வெட்டினால் அந்தக் கண் எதைப் பார்க்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஏதோ தூரத்து இலட்சியத்தைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். அவர் கேட்பதும் அதுவாக இருக்கலாம்!

நாவற்குடா வாசகன்:

ஒரு சந்தேகம். வலது ஓரத்துப் பையனின் கைபேசித் திரை நமக்கு நேரே இருக்கிறது அல்லவா? நான் பெரிதாக்கிப் பார்க்கிறேன், ஆனால் இங்கே ஏற்றியிருக்கும் அளவில் மங்கலாக இருக்கிறது. அந்தத் திரையில் பெரியவர் இருக்கிறாரா?

வாவிக்கரையான்:

இப்போதுதான் மூலக்கோப்பில் பார்த்தேன். இல்லை. திரையில் வேட்பாளர் மட்டும், பின்னால் வாவி, மேலே கொஞ்சம் மேகம். பையன் நெருக்கி எடுத்திருக்கிறான்.

நாவற்குடா வாசகன்:

அப்படியானால் அவர் வெட்டித் தரச் சொல்லும் படம் உங்கள் படத்துக்குள்ளேயே, திரையின் அளவில், இருக்கிறது. 1960இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் கேரி வினோகிராண்ட் என்ற புகைப்படக்காரர் கென்னடியை முதுகுப்பக்கத்திலிருந்து எடுத்தார். கென்னடியின் முகம் கீழே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் தெரிகிறது. நாட்டுக்குப் போய்ச்சேரும் முகமும், அந்த முகம் உருவாகும் இடமும் ஒரே சட்டகத்தில். நீங்கள் அதைக் குருமண்வெளிப் பாதையில் எடுத்துவைத்துக்கொண்டு வெட்டலாமா என்று கேட்கிறீர்கள். மருமகனின் காணொளியிலிருந்து ஒரு காட்சியை எடுத்து அவருக்குக் கொடுங்கள். அல்பத்துக்கு முழுப்படம்.

அக்கரைப்பற்றான்:

யாழ்ப்பாணத்தில் சுயேச்சைக்குழு 17க்கு ஓர் ஆசனம் வாங்கிக் கொடுத்ததில் கைபேசிக் காணொளிகளுக்குப் பெரிய பங்கு. அந்தப் பையனுக்கும் ஏதோ கனவு இருந்திருக்கும், பாவம். மட்டக்களப்பில் வீடு (தமிழரசுக் கட்சி) மூன்று, திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) ஒன்று, மரம் (முஸ்லிம் காங்கிரஸ்) ஒன்று என்று ஐந்து ஆசனமும் முடிந்துவிட்டது.

வாவிக்கரையான்:

வேட்பாளரிடம் நேற்று இரவு பேசினேன். வெட்டாமல் வைக்கப்போகிறேன் என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் மாலை ஹாண்டிலில் தொங்குவதையாவது அழிக்க முடியாதா, மாலை போட்டவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்" என்று கேட்டார். முடியாது என்றேன். பெயரைப் போடாவிட்டால் சரி என்று விட்டுவிட்டார்.

படத்துக்குக் கீழே இப்படி எழுதப்போகிறேன்: "சுயேச்சைக்குழு வேட்பாளர் ஒருவர், குருமண்வெளி–மண்டூர் படகுப்பாதை, 2024 நவம்பர். வலது ஓரத்தில் இருப்பவர் வேட்பாளரின் மருமகன். படம் எடுத்தவர் அந்த மருமகனின் நண்பர்." அந்தப் பெண் மறுத்தால் இந்தப் படம் அல்பத்தில் இராது.

களுதாவளையான்:

'நண்பர்' என்று எழுதியது நல்லது. குழு இலக்கத்தையும் போடுங்கள். பெயர் வேண்டாம் என்பது அவருடைய விருப்பம். இலக்கம் வாக்குச்சீட்டில் இருந்தது, அது எல்லோருக்கும் உரியது.

அதோடு இன்னொரு வேலை. 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவுச் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்குக் கொடுத்திருக்க வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதும் அதில் வர வேண்டும். மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் விண்ணப்பித்து அவருடைய கணக்கின் பிரதியை எடுத்துப் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். கட்டைவிரல் மறைத்ததை அங்கே வாசிக்கலாம்.

வாவிக்கரையான்:

இலக்கத்தைப் போடுகிறேன். கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம் போகும்போது கணக்கையும் கேட்கிறேன்.

களுதாவளையான்:

கணக்கே கொடுக்கவில்லை என்று தெரிந்தால் அதையும் எழுதி வையுங்கள். மீன் சோற்றை நினைத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

வாவிக்கரையான்:

மீன் என்று நான் சொல்லவே இல்லையே!

பழைய ஸ்டூடியோ:

வாவிக்கரை வீட்டில் வேறென்ன இருக்கும்.

தம்பி, அச்சிடும்போது பளபளப்புத் தாள் எடுக்காதீர்கள். நூலகத்தில் வைக்கும் அல்பத்துக்குப் பிளாஸ்டிக் உறை போடுவார்கள். மாரி ஈரத்தில் படம் உறையோடு ஒட்டி, பிரித்தால் முகத்தோடு சேர்ந்து உரியும். மங்கல் தாளில் அச்சிட்டு, நான்கு மூலையிலும் தாள் மூலை வைத்துச் செருகுங்கள். தலைப்பைப் படத்தின் பின்புறத்திலும் பென்சிலால் எழுதுங்கள், பேனாவால் வேண்டாம்.